பீரோவின் நீல நாக்கு

பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பெயர் ஒன்று அந்த மனிதருக்கும் இருந்தது. அது யாருக்கும் பயன்படவில்லை. வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே, இரட்டைக் கதவு இரும்பு பீரோ ஒன்றை ஒற்றை ஆளாக முதுகில் ஏற்றிக்கொண்டு மாடிக்குப் போனார். மேலே இறக்கி வைத்த பிறகுதான் வீட்டுக்கார அம்மாள் தலையில் கை வைத்தார்.

"ஐயையோ, உள்ள இருந்த துணிமணி, பாத்திரம் எதையுமே எடுக்கலையே!"

"அப்படியா? அதான் என்னமோ கொஞ்சம் இழுத்துச்சு" என்றார் இவர்.

அன்றிலிருந்து அவர் பீரோ. வேன் டிரைவர் சொல்வதை நம்புவதாக இருந்தால், பீரோ தும்மினால் வேன் தானாகவே அடுத்த கியருக்கு மாறும். அவர் உட்கார்ந்து எழுந்த நாற்காலியை அதற்குப் பிறகு பாய் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

அவருக்கு ஜோடி திருகாணி. கட்டில், மேசை, அலமாரி எல்லாவற்றையும் கழற்றி, போகிற இடத்தில் மறுபடி மாட்டுவது திருகாணியின் வேலை. ஆளும் அதே அளவுதான். பக்கவாட்டில் திரும்பி நின்றால் சட்டை மட்டும் காற்றில் தொங்குவது போலிருக்கும். தலையில் முடி கிடையாது. காதோரம் நாலு முடி இருந்ததை அவன் கூட்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

படியில் சாமான் ஏற்றும்போது இரண்டு பேர் பிடிப்பார்கள். மேலே நிற்பவன் வழி பார்க்க வேண்டும், கீழே நிற்பவன் கனத்தை வாங்க வேண்டும். அத்தனை வருஷத்திலும் திருகாணி மேல் ஆள், பீரோ கீழ் ஆள். ஒரு நாளாவது மாறி நிற்கலாம் என்று திருகாணி சொன்னால், "நீ கீழ நின்னா சாமான் போய்ச் சேரும், நீ போய்ச் சேர்ந்துடுவ" என்பார்.

பீரோவின் மனைவி எல்லோருக்கும் அண்ணி. பிள்ளை குட்டி இல்லாத வீடு. அண்ணி வீட்டில் இருந்தபடியே தையல் மெஷினில் கம்பெனிக்கு உறை தைத்துக் கொடுத்தாள். உறை என்றால் தலையணை உறை இல்லை. முரட்டுத் துணிக்குள் பஞ்சு வைத்துக் கட்டம் கட்டமாகத் தைத்தது. கண்ணாடி, டிவி, பளபளப்பு மேசை எதுவானாலும் அதில் சுற்றித்தான் வேனில் ஏறும். அண்ணிக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. அதை மீறியவன் அவள் கையால் டீ குடிக்க முடியாது.

"சாமான் அதோட இடத்துல போய் நிக்கற வரைக்கும் உறையைப் பிரிக்கக் கூடாது. வாசல்லயே பிரிச்சுட்டு அப்புறம் கீறிப்போச்சுன்னு என்கிட்ட வராதீங்க."

பீரோவுக்கு வயிற்று வலி வந்தபோது வழக்கம்போல அதையும் கேலியில்தான் சுற்றினார். ரத்தம் போனபோது மூலம் என்றார். உடம்பு இளைத்தபோது, "கம்பெனிக்கு டீசல் மிச்சம்" என்றார். கடைசியில் ஒரு நாள் வாஷிங் மெஷினோடு படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பீரோ படியில் உட்கார்ந்ததை அதுவரை யாரும் பார்த்ததில்லை. 

பெருங்குடலில் புற்றுநோய். அறுத்தார்கள். கொஞ்ச நாளில் அதே இடத்தில் திரும்ப வந்தது. ஊசி மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது. "இப்போ உனக்கும் எனக்கும் ஒரே சீப்பு போதும்டா" என்று திருகாணியிடம் சொல்லிவிட்டு, வாளியை இழுத்து வாந்தி எடுத்தார். கட்டி மட்டும் அசையவில்லை.

ஆஸ்பத்திரிக்குத் துணை எப்போதும் திருகாணிதான். அண்ணியைக் கூட்டிப் போக மாட்டார்.

"அவ வந்தா அழுவா. அவ அழுதா நான் அழுவேன். நான் அழுதா கீழ்மாடி வார்டுல படகு விடணும். எதுக்கு வம்பு?"

அங்கேதான் டாக்டரம்மா அந்தப் புது மருந்தைப் பற்றிச் சொன்னார். இள வயசு, சோர்ந்த கண், நன்றாகச் சிரிப்பார். ஒரு சின்ன டப்பாவைத் திறந்து கண்ணாடி போன்ற குளிகை ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். உள்ளே கடுகு கடுகாக நீல மணிகள்.

"இது இன்னும் சோதனையிலதான் இருக்கு. குணமாகும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். ஆனா உங்களுக்கு வேற வழி குறைவு. இந்த மணிக்குள்ள நானோ துகள்னு கோடிக்கணக்குல இருக்கு. ஒரு தலைமுடியோட குறுக்கால ஆயிரம் துகளை வரிசையா நிறுத்தலாம், அவ்வளவு சின்னது. ஒவ்வொண்ணும் கொஞ்சம் மருந்தைத் தூக்கிட்டுப் போகும்."

"சுமை தூக்கற ஜாதின்னு சொல்லுங்க. நம்ம ஆளுங்கதான்" என்றார் பீரோ.

டாக்டரம்மா சிரித்தார். "ஊசி மருந்து உடம்பு முழுக்கச் சுத்தி நல்லது கெட்டது பார்க்காம அடிக்குது. அதான் வாந்தி, முடி கொட்டறது எல்லாம். இது அப்படி இல்ல. மணிக்கு மேல ஒரு பூச்சு இருக்கு. இரைப்பையில இருக்கற அமிலத்துல அது கரையாது. பெருங்குடலுக்குப் போய்த்தான் கரையும். அங்க துகள் வெளிய வந்து கட்டியில ஒட்டி உள்ள நுழையும். அதனால தினம் காலையில ஒண்ணு, முழுசா முழுங்கணும். கடிக்கக் கூடாது, திறக்கக் கூடாது, பொடிக்கவே கூடாது. முடியுமில்ல?"

"அம்மா, நான் சோபாவையே முழுங்குவேன். குஷனைக் கழட்டணும், அவ்வளவுதான்."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டார். டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டே, "இன்னொண்ணு, அதுல சாயம் கலந்திருக்கு. நீலமா தெரிஞ்சா பயப்படாதீங்க, அது எங்கன்னா..." என்று ஆரம்பித்தார்.

"நீலமா? அப்போ நான் சாமியாவே ஆயிடுவேன். திருகாணி, கற்பூரம் வாங்கி வைடா!"

அறையே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த நோயாளி கதவைத் தட்டினார். எங்கே நீலம் தெரியும் என்பது அந்தச் சிரிப்பிலேயே கரைந்து போனது.

அடுத்த வாரம் கம்பெனி வேன் நிற்கும் டிப்போவுக்கு வந்த பீரோ, வேனின் பின்கதவில் சாய்ந்து நின்று எல்லோரையும் கூப்பிட்டார். "எல்லாரும் வாங்கடா, படம் காட்டறேன்." நாக்கை நீட்டினார். மை பாட்டிலில் தோய்த்து எடுத்த மாதிரி நீலம்.

"பார்த்தீங்களா? மருந்து வேலை செய்யுது! உங்க அண்ணி தினம் காலையில ஜன்னல் பக்கம் நிறுத்தி நாக்கைப் பார்க்கறா. நேத்தைவிட நீலம் ஜாஸ்தியாம். சந்தோஷத்துல எனக்கு முட்டை பொரிச்சுக் குடுத்தா."

டிரைவர் அசந்துபோனார். "விஷத்தைக் குடிச்ச மாதிரி இருக்கே அண்ணே!"

"விஷம் குடிச்சவன்கிட்ட ஒரு வாய் மிச்சம் கேட்டவன் நீ. போய் வண்டியைத் துடை."

டிப்போவில் எல்லோருக்கும் அன்று மனசு லேசாக இருந்தது. திருகாணி வீட்டுக்குப் போகிற வழியில் விசிலடித்தான்.

மாதம் திரும்பியதும் பரிசோதனைக்குப் போனார்கள். நர்ஸ் உள்ளே கூப்பிட்டதும் பீரோ வணக்கத்துக்குப் பதில் நாக்கை நீட்டினார். நர்ஸ் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்தினார். போய் டாக்டரம்மாவைக் கூட்டி வந்தார்.

டாக்டரம்மா நாக்கைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார். நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"இதை எப்படிச் சாப்பிடறீங்க?"

"வாயாலதான்."

"கேலி வேண்டாம். எப்படி?"

பீரோ திருகாணியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். அந்தப் பெரிய உடம்பு பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன் போலச் சுருங்கியது. அப்போதுதான் திருகாணிக்கு, இத்தனை காலம் ஒரே வேனில் ஒட்டிக்கொண்டு போயும் தெரியாத ஒரு சங்கதி தெரிந்தது. பீரோவால் மாத்திரை முழுங்க முடியாது. சின்ன வயசிலிருந்தே முடியாது. குளிகை தொண்டைக்குப் போனால் குடலே வெளியே வருகிற மாதிரி குமட்டும். இரும்பைத் தூக்குகிற ஆளுக்கு இது மானப் பிரச்சினை. கல்யாணமான புதிதில் ஒரு காய்ச்சலின்போது அண்ணி கண்டுபிடித்தாள். இரண்டு கரண்டிக்கு நடுவே மாத்திரையை வைத்து நசுக்கி, வாழைப்பழத்தில் பிசைந்து ஊட்டினாள். அது முதல் தலைவலி மாத்திரையானாலும் அவள் கரண்டிதான். வெளியே மூச்சு விட்டதில்லை.

"இதையும் நான் முதல் நாள் முழுங்கப் பார்த்தேன், டாக்டரம்மா. முடியலை. அவ பக்கத்துல நின்னுட்டிருந்தா. பொடிக்கலாமான்னு ஆஸ்பத்திரியில கேட்டீங்களான்னா. தாராளமா பொடிக்கலாம்னாங்கன்னு சொல்லிட்டேன். எப்படியும் வயித்துக்குள்ளதானே போகுது, எல்லாம் ஒண்ணுதானேன்னு நெனச்சேன்."

டாக்டரம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். மெதுவாகச் சொன்னார். பூச்சு உடைந்துவிட்டால் துகள் இரைப்பை அமிலத்திலேயே செத்துப் போகும். சாயம் வாயிலேயே வெளிவந்துவிட்டது. அது மலத்தில் தெரிந்திருக்க வேண்டிய நீலம். கட்டி இருக்கும் இடத்துக்கு ஒரு துளி மருந்து கூடப் போய்ச் சேரவில்லை.

"அன்னிக்கே எங்க தெரியும்னு நான் சொல்லி முடிச்சிருக்கணும். தப்பு என் மேலயும் இருக்கு" என்றார்.

பீரோ திரும்பி, "வாசல்லயே உறையைப் பிரிச்சிருக்கோம்" என்றார், திருகாணியிடம்.

திருகாணிக்கு அண்ணியின் சட்டம் ஞாபகம் வந்தது. உறையைப் பிரித்தது யார்? ஊரெல்லாம் உறையைப் பிரிக்காதே என்று சத்தம் போடுகிறவளின் கை.

"டாக்டரம்மா, இது அவளுக்குத் தெரியக் கூடாது."

"தெரியாம எப்படி? வீட்டுல மருந்து குடுக்கறவங்க அவங்க."

"நான் பொய் சொன்னதுன்னு சொன்னாலும் அவ கேக்க மாட்டா. தன் கையாலதான் நசுக்கினேன்னு நெனப்பா. நான் இருக்கற வரைக்கும் நெனச்சு அழுதா பரவால்ல, பக்கத்துல இருந்து கிண்டல் பண்ணிச் சிரிக்க வெச்சுடுவேன். நான் போனப்புறம் யாரு சிரிக்க வைப்பா?"

டாக்டரம்மா ஜன்னல் பக்கம் பார்த்தார். "நானாப் போய்ச் சொல்ல மாட்டேன். ஆனா அவங்க என்கிட்ட வந்து கேட்டா, பொய் சொல்ல மாட்டேன். அவ்வளவுதான் என்னால முடியும்."

"அது போதும்."

"இன்னொண்ணும் சொல்லணும். கட்டி கொஞ்சம் வளர்ந்திருக்கு. மேல இருக்கறவங்ககிட்ட கேட்டுப் பார்க்கறேன். விட்டாங்கன்னா முதல்ல இருந்து ஆரம்பிக்கலாம். ஆனா முழுசா முழுங்கணும்."

மேலே இருந்தவர்கள் விட்டார்கள். புது டப்பா கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு டிப்போவில் நடந்ததை யாராவது வழிப்போக்கர் பார்த்திருந்தால் போலீசைக் கூப்பிட்டிருப்பார். வேனுக்குள் கவிழ்த்துப் போட்ட பெட்டி மேல் பீரோ. முன்னால் திருகாணி, கையில் தண்ணீர் செம்பு. டிரைவர் கதவில் காவல். ரொட்டியைப் பிய்த்துச் சோற்றுப் பருக்கை அளவுக்கு உருட்டி நாக்கில் வைப்பார்கள்.

"தலையை நிமிர்த்தாதீங்கண்ணே, குனிஞ்சுக்கோங்க. தண்ணி வாய் நிறைய. இப்போ முழுங்குங்க!"

உவ்வே. திருகாணியின் சட்டை நனைந்தது.

"நான் என்ன செடியா? தண்ணி ஊத்தறதுன்னா சொல்லிட்டு ஊத்துங்கண்ணே!"

"நீ செடியா இருந்தாலாவது கொஞ்சம் இலை இருக்கும்."

பருக்கை பட்டாணியாயிற்று. பட்டாணி மொச்சையாயிற்று. ஒவ்வொரு அளவுக்கும் ஒரு போர். வியர்த்து, கண்ணில் நீர் வந்து, பெட்டியைப் பிடித்துக்கொண்டு முழுங்குவார். அந்த இரும்பு பீரோவைத் தூக்கியபோது கூட அவர் முகம் அப்படிச் சிவந்ததில்லை. கடைசியில் ஒரு காலை, குளிகை தொண்டையைத் தாண்டி இறங்கியது. டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. தெருவில் நாய்களெல்லாம் எழுந்து ஓடின.

"இனிமே அண்ணிகிட்ட, மருந்தை மாத்திட்டாங்க, முழுசா முழுங்கணுமாம்னு சொல்லிட வேண்டியதுதானே அண்ணே?" என்று கேட்டான் திருகாணி.

"பழசு என்னாச்சுன்னு கேப்பா. நான் வாயால சொல்ற பொய்யை அவ வாசல்லயே பிடிச்சுடுவா. அன்னிக்கு ஒண்ணு எப்படியோ தப்பிச்சுது. அதுவுமில்லாம..." பீரோ செம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காலையில அந்தக் கரண்டியை எடுக்கும்போது அவ முகத்தை நீ பார்த்ததில்ல. இந்த வியாதியில அவளால செய்ய முடிஞ்சது அது ஒண்ணுதான்டா. அதையும் நான் பிடுங்கிட்டா, அவ என்ன பண்ணுவா?"

ஆகவே பொய்யை மாத்திரையே சொல்லட்டும் என்று முடிவாயிற்று. மருந்துக் கடையில் காலிக் குளிகை வாங்கினார்கள். கேக் மேல் தூவுகிற நீலச் சர்க்கரை மணியைத் தேடி திருகாணி எந்தக் கடையையும் விடவில்லை. "பிறந்தநாளா?" என்று கேட்டவர்களிடம் எல்லாம் ஆமாம் என்று தலையாட்டினான். சின்னத் திருகாணிகளை மாட்டிப் பழகிய கை. குளிகைக்குள் மணியை நிரப்பி மூடினால் எது அசல், எது சர்க்கரை என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. சர்க்கரைக் குளிகை பழைய டப்பாவில் அண்ணியிடம் இருந்தது. அசல் மருந்து வேனில், திருகாணியின் கருவிப்பெட்டியில் இருந்தது.

காலையில் அண்ணி சர்க்கரையை நசுக்கிப் பழத்தில் பிசைந்து ஊட்டுவாள். ஜன்னல் வெளிச்சத்தில் நாக்கைப் பார்ப்பாள். நீலம். நிம்மதியாக மெஷினில் போய் உட்காருவாள். பீரோ மெதுவாகப் படி இறங்கி வந்து, வேனில் ஏறி, குனிந்து, அசலை முழுங்குவார். வேலைக்குப் போக முடியாத உடம்பு அது. இருந்தாலும் காற்று வாங்கப் போகிறேன் என்று தினம் வந்தார். சாமான் ஏற்றும்போது ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "மூலை, மூலை! சுவருக்கு அடி படப்போகுதுடா, பெயின்ட் உன் அப்பன் வீட்டுதா?" என்று கத்துவார். குரல் மட்டும் இளைக்கவில்லை.

ஒரு நாள் வேனுக்குள் வந்தவர் திருகாணியின் காதில் ரகசியமாக, "நீலம்டா. இன்னிக்குச் சரியான இடத்துல நீலம்" என்றார். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கக்கூஸ் போனதற்காக இரண்டு ஆண்பிள்ளைகள் கட்டிப்பிடித்து அழுதது அந்த வேனில் மட்டும்தான் நடந்திருக்கும்.

அடுத்த ஸ்கேன் படம் எடுத்தபோது டாக்டரம்மா அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, தானும் உட்கார்ந்தார். அதைப் பார்த்ததுமே திருகாணிக்கு விளங்கிவிட்டது. நல்ல சேதி என்றால் அவர் நின்றுகொண்டே சொல்வார்.

"மருந்து போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்கு. குடல்ல இருந்த கட்டி சுருங்கியிருக்கு. ஆனா அது அதுக்கு முன்னாடியே கல்லீரலுக்குப் பரவியிருக்கு. இந்தத் துகள் அங்க போகாது."

பீரோ தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "வீடு மாத்திட்டுப் போயிடுச்சா? ஊர்ல நாங்க ஒரு கம்பெனி இருக்கோம், ஒரு வார்த்தை சொல்லாம?"

யாரும் சிரிக்கவில்லை. அவருக்கே சிரிப்பு வரவில்லை.

"அந்த முதல் மாசம் மருந்து ஒழுங்காப் போயிருந்தா?"

"தெரியாது" என்றார் டாக்டரம்மா. "நெசமாவே தெரியாது. அப்பவே பரவியிருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம்."

வெளியே வராந்தாவில் பீரோ சுவரைப் பிடித்தபடி நின்றார். "அந்த இல்லாமலும்ங்கறது இருக்கே, அதைத்தான் அவ காதுல விழாம பார்த்துக்கணும். நான் தூக்கற வரைக்கும் தூக்கறேன். அப்புறம் நீ கீழ நிக்கணும்டா."

சரி என்று திருகாணி தலையை ஆட்டினான்.

அதற்கப்புறம் பீரோ சீக்கிரமே கரைந்தார். மஞ்சள் ஏறிய கண், வீங்கிய வயிறு, குச்சி குச்சியாய்க் கை. சாப்பாடு இறங்காத நாளிலும் அண்ணியின் வாழைப்பழம் ஒரு வாய் இறங்கியது. "இது மட்டும் எப்படித்தான் இனிக்குதோ" என்பார். "மருந்து இனிக்குமா? நாக்கு செத்துப்போச்சு உங்களுக்கு" என்பாள் அண்ணி. திருகாணி அந்த நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே எதையாவது கவனமாகப் பார்ப்பான்.

ஒரு காலை மூச்சு திணறியது. ஆம்புலன்ஸ் வந்தது. மாடிப்படி குறுகல், தூக்குப் படுக்கை திரும்பவில்லை. ஆம்புலன்ஸ் ஆட்கள் யோசித்துக்கொண்டு நின்றார்கள்.

"தள்ளுங்க, இது எங்க வேலை" என்றார் டிரைவர்.

நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அண்ணி ஓடிப்போய் அன்றைக்குத்தான் தைத்து முடித்த புது உறையை எடுத்து வந்தாள். கண்ணாடியைச் சுற்றுகிற மாதிரி அவரைத் தோளிலிருந்து கால் வரை சுற்றி, நாடாவை முடிந்தாள். பிறகு பழக்க தோஷத்தில் சொன்னாள், "போய்ச் சேர்ற வரைக்கும் பிரிக்காதீங்க."

டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருகாணி முதல் தடவையாகக் கீழே போய் நின்றான். கனம் வரும் என்று முதுகை இறுக்கினான். வரவில்லை. பீரோ ஒரு காலிப் பெட்டி அளவுக்குக் கூட இல்லை. அதுதான் அவனால் தாங்க முடியவில்லை.

"மூலைடா" என்றது உறைக்குள்ளிருந்து ஒரு குரல். "மெதுவா... சுவர்... சபாஷ். இப்போதான் நீ ஆளு."

ஆஸ்பத்திரிக்கு அண்ணி அன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்தாள். டாக்டரம்மாவைப் பார்த்ததும் எழுந்து, புடவையைச் சரி செய்துகொண்டு, எதிரே போய் நின்றாள்.

"டாக்டரம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான் செய்ய வேண்டியது எதையாச்சும் செய்யாம விட்டுட்டேனா?"

திருகாணி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். கட்டிலில் பீரோ கண்ணைத் திறந்து டாக்டரம்மாவையே பார்த்தார்.

டாக்டரம்மா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார். தையல் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள். "இல்லம்மா. நீங்க எதையும் செய்யாம விடல" என்றார். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை.

பீரோ கண்ணை மூடிக்கொண்டார். சாயங்காலம் போய்ச் சேர்ந்தார்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அண்ணி அதையே சொன்னாள். "ஒரு நாள் கூட விடலைங்க. என் கையாலயே நசுக்கிக் குடுத்தேன். டாக்டரம்மாவே சொன்னாங்க." சொல்லும்போது நிமிர்ந்து உட்காருவாள். சுவரோரம் நின்ற வேன் ஆட்கள், "ஆமா அண்ணி" என்பார்கள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை உறை வாங்கப் போன திருகாணியை அண்ணி உள்ளே கூப்பிட்டாள். மேசை மேல் அந்த டப்பா.

"இதுல மிச்சம் இருக்கு. நல்ல மருந்து, வீணாகக் கூடாது. ஆஸ்பத்திரியில திருப்பிக் குடுத்தா வேற யாருக்காவது ஆகும். நானே போலாம்னு பார்க்கறேன்."

 டாக்டரம்மா அதைத் திறந்து பார்த்து, "இது என்ன?" என்று கேட்டால் தீர்ந்தது கதை.

"நீங்க எதுக்கு அண்ணி அலையறீங்க? நான் அந்தப் பக்கம்தான் போறேன். குடுத்துட்டு வந்துடறேன்."

"இப்பவே போ. வெயில்ல வைக்காதே." டப்பாவை ஒரு துண்டு உறையில் சுற்றி அவன் கையில் கொடுத்தாள். "நான் இன்னொரு உறையை முடிச்சு வைக்கறேன், திரும்பி வரும்போது எடுத்துக்கோ."

வேன் தெரு முனையைத் தாண்டி நின்றது. திருகாணியும் டிரைவரும் பின்பக்கம் ஏறி, கவிழ்த்த பெட்டி மேல் உட்கார்ந்தார்கள். நடுவே டப்பா. குப்பையில் போட டிரைவர் கை நீட்டினார். முடியவில்லை. திருகாணி ஒரு குளிகையைத் திறந்து மணிகளை உள்ளங்கையில் கொட்டினான். கொஞ்ச நேரம் பார்த்தான். வாயில் போட்டுக்கொண்டான்.

"இனிக்குதுதான்" என்றான்.

டிரைவரும் ஒன்றை எடுத்தார்.  ஒவ்வொன்றாகத் திறந்து, ஒன்று கூட மிச்சம் வைக்காமல் தின்று தீர்த்தார்கள். கண்ணிலும் மூக்கிலும் ஒழுகியதைத் துடைக்கவில்லை.

திரும்பி வந்தபோது அண்ணி படியிறங்கி வாசலுக்கே வந்துவிட்டாள், தோளில் புது உறை.

"குடுத்தாச்சா?"

திருகாணி வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டினான். உள்ளே நாக்கு மை மாதிரி நீலமாக இருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். டிரைவர் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் முதுகைக் காட்டி நின்றார். அண்ணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவன் கண் சிவந்திருப்பதைப் பார்த்ததும் அவள் முகம் இளகியது.

"சரி, விடு. பேச வேண்டாம்" என்றாள். உறையை அவன் தோளுக்கு மாற்றினாள். "போய் வேலையைப் பாருங்க. வாசல்லயே பிரிச்சுடாதீங்க, என்ன?"

பஞ்சு உறைக்குள் முகத்தைப் புதைத்தபடியே திருகாணி மறுபடி தலையை ஆட்டினான். வாயைத் திறக்கவே இல்லை.